மொட்டைமாடிக் குதிரையும் கண்ணாடிச் சீட்டும்

அன்புள்ள மருமகளுக்கு, உன் மாமனார் தன் கையாலேயே எழுதும் முதல் கடிதம்.

கடிதம் என்றால் முதலில் நலம் கேட்க வேண்டும், விஷயம் அப்புறம்தான் என்று மாலை வகுப்பு டீச்சர் சொல்லியிருக்கிறார். ஆகவே கேட்கிறேன். நீ நலமா? உன் நர்ஸ் பயிற்சி நலமா? விடுதிக் குழாயில் தண்ணீர் ஒழுங்காக வருகிறதா? இங்கே நானும் பிள்ளைகள் இருவரும் நலம். லாரியோடு போயிருக்கும் உன் வீட்டுக்காரனும் நலமாகத்தான் இருப்பான், பத்து நாளாக ஆளைக் காணோம். இவ்வளவு எழுத முக்கால் மணி நேரம் ஆகியிருக்கிறது. கை நடுங்கி அல்ல. ஒவ்வோர் எழுத்தையும் எழுதிவிட்டுக் கொஞ்சம் தள்ளி நின்று பார்க்காமல் என்னால் அடுத்த எழுத்துக்குப் போக முடிவதில்லை. குழாய் வேலை செய்த காலத்திலும் அப்படித்தான், இணைப்பை முறுக்கிவிட்டுச் சொட்டுகிறதா என்று நின்று பார்ப்பேன். இந்த 'ஞ' இருக்கிறதே, நம் வீட்டுக் கைகழுவும் தொட்டிக்கு அடியில் இருக்கும் வளைவுக் குழாயேதான். நாற்பத்தாறு வருஷம் அதன் கீழே மல்லாந்து படுத்திருக்கிறேன், அது ஓர் எழுத்து என்று ஒருவரும் சொல்லவில்லை.

போனில் சொல்லலாமே என்பாய். ஞாயிற்றுக்கிழமை உனக்குக் கிடைப்பது பத்து நிமிஷம். அதில் ஒன்பதைப் பிள்ளைகள் பிடுங்கிக்கொள்கிறார்கள், மீதி ஒன்றில் நான் "சாப்பிட்டியாம்மா" என்பதற்குள் கட்டாகிவிடுகிறது. இது பத்து நிமிஷ விஷயம் இல்லை. சனிக்கிழமை காலையில் இருந்து எழுதுகிறேன். உட்கார்ந்தால் ஓடவில்லை, அதனால் அடுப்படி மேடையில் தாளை வைத்து நின்றுகொண்டே எழுதுகிறேன். நடுவில் பால் பொங்கினால் எழுத்து கோணும், மன்னித்துக்கொள்.

விஷயம் பெரியவளின் கண். பயப்படாதே, முடிவு நல்லபடியாகத்தான் வந்திருக்கிறது. ஆனால் அதற்குள் நடந்ததை வரிசையாகச் சொன்னால்தான் ஞாயிற்றுக்கிழமை நீ சின்னவனை எதற்காகத் திட்ட வேண்டும் என்பது உனக்குப் புரியும்.

ஊருக்குப் போகும் முன் நீ என்னை மாலை வகுப்பில் சேர்த்துவிட்டுப் போனாய் அல்லவா, அங்கே ஒரு வழக்கம் உண்டு. யார் தன் பெயரைப் பார்க்காமல் எழுதிவிடுகிறாரோ, அவரை எல்லோருக்கும் முன்னால் நிறுத்தி, ஒரு வாளித் தண்ணீரும் சோப்பும் கொடுத்து, இடது கட்டைவிரலைக் கழுவச் சொல்வார்கள். இனி இந்த விரலில் மை படாது என்று அர்த்தம். போன மாசம் நான் கழுவினேன். பதினேழு பேர் கை தட்டினார்கள். என் பெஞ்சில் பக்கத்தில் உட்கார்கிற காவலாளி, பெரிய மீசைக்காரர், கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவருக்கு இன்னும் பெயரில் பாதிதான் வருகிறது. "அண்ணே, நீங்க கழுவிட்டீங்க, எனக்கும் ஒரு நாள் வரும்" என்றார். இனி செத்தாலும் மையில் விரல் வைக்க மாட்டேன் என்று நானும் உணர்ச்சிவசப்பட்டு எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டேன். இதை மனசில் வைத்துக்கொள், அப்புறம் வேண்டியிருக்கும்.

அந்த வாரம் டீச்சர் வீட்டுப்பாடம் கொடுத்தார். வெளியே எங்கேயாவது எழுதியிருப்பதைப் பார்த்து எழுதிக்கொண்டு வர வேண்டும். கடைப்பலகை எல்லாம் கூட்டெழுத்தும் வளைசலுமாக இருந்தது, எனக்குச் சரிப்படவில்லை. பிள்ளைகளைக் கூப்பிடப் பள்ளிக்கூடம் போனபோது நடைபாதைச் சுவரில் ஒரு அட்டையைப் பார்த்தேன். ஆகா! எல்லாம் தனித்தனி எழுத்து. மேலே பானை அளவுக்கு ஒரே ஓர் எழுத்து. அதன் கீழே இரண்டு, அப்புறம் மூன்று, நான்கு என்று கீழே போகப்போகப் பொடியாகிக்கொண்டே வந்தது. என்னைப் போல் கற்றுக்கொள்கிறவனுக்கென்றே யாரோ படிப்படியாக எழுதி மாட்டியிருக்கிறார்கள் என்று நினைத்தேன். மூன்று சாயங்காலம் நின்று எழுதினேன். ஐந்தாவது வரியின் மேல் யாரோ தண்ணீர் வரும் நேரம் பற்றிய அறிவிப்பைக் குத்திவைத்திருந்தார்கள், அந்த ஒரு வரியை விட்டுவிட்டேன். டீச்சர் 'மிக நன்று' போட்டார். அதை அடுப்படிச் சுவரில் ஒட்டி, பிள்ளைகள் சாப்பிடும்போதெல்லாம் ராகம் போட்டு வாசித்துக் காட்டினேன். ஒரே வாரத்தில் வீடே அதைப் பாடியது. மாவு அரைக்கிற நேரத்திலும் அதே பாட்டுதான்.

அது கண் பார்க்கிற அட்டை என்று எனக்கு யாரும் சொல்லவில்லை அம்மா.

பள்ளிக்கூடத்தில் இருந்து ஒரு தாள் வந்தது. அதை நானே வாசித்தேன், என் வாழ்நாளில் நான் வாசித்த முதல் அரசாங்க பாஷை, முடிக்க ஒரு சாயங்காலம் ஆனது. வசதி குறைந்த வீட்டுப் பிள்ளைகளுக்குக் கண் பரிசோதனைச் செலவையும் கண்ணாடிச் செலவையும் உதவி நிதி ஏற்றுக்கொள்ளும், செவ்வாய்க்கிழமை பள்ளிக்கூடத்திலேயே முகாம், தேர்வாகும் பிள்ளைக்கு ஒரு சீட்டு தருவார்கள், அதைக் கண்ணாடிக்கடையில் கொடுத்தால் போதும், காப்பாளர் கூட வர வேண்டும் என்று போட்டிருந்தது. எனக்கு ஒரே சந்தோஷம். பெரியவள் இரண்டு மாசமாக நோட்டை மூக்கால் தடவித்தான் எழுதுகிறாள். கண்ணாடிக்கடையில் போய் விலை கேட்டதும் நான் கையில் எடுத்த கண்ணாடியைத் தூங்குகிற குழந்தையைக் கிடத்துவதுபோலத் திரும்ப வைத்துவிட்டு வந்தவன். இந்த உதவி கிடைக்காவிட்டால் நமக்கு வேறு வழி கிடையாது.

செவ்வாய்க்கிழமை போனோம். அங்கே என்ன மாட்டியிருக்கிறது என்று நினைக்கிறாய்? என் அட்டை! பழைய சிநேகிதனைப் பார்த்தாற்போல் இருந்தது. பெரியவளைக் கோட்டில் நிற்க வைத்து, ஒரு கண்ணை மூடச் சொல்லி, கண் பார்க்கிற தம்பி குச்சியால் முதல் எழுத்தைக் காட்டினார். இவள் ஆரம்பித்தாள் பார், நிறுத்தவே இல்லை. அவர் குச்சி மூன்றாவது வரியில் இருக்கும்போது இவள் ஆறாவது வரியில் இருந்தாள். அவருக்கு அன்று இன்னும் அறுபது பிள்ளைகள் பாக்கி. "கழுகுக் கண்ணு. அடுத்தது வாங்க" என்றார். வந்த காரியத்தையே மறந்து நானும் பெருமையாகப் பக்கத்தில் நின்றவர்களைப் பார்த்தேன். அடுத்தது சின்னவன். குச்சி முதல் எழுத்தில் இருந்தது. "கறுப்பா என்னமோ இருக்கு சார்" என்றான். இரண்டாவது வரிக்கு உதட்டைப் பிதுக்கினான். மூன்றாவது வரிக்கு, "அங்க ஒண்ணும் இல்லையே" என்றான். கண்ணாடிச் சீட்டை அவன் பெயருக்கு எழுதிக் கொடுத்துவிட்டார்கள்.

பஸ்ஸில் வரும்போதுதான் எனக்கு உறைத்தது. பெரியவள் ஐந்தாவது வரியைச் சொல்லவே இல்லை. அன்று அந்தத் தண்ணீர் அறிவிப்பை எடுத்திருந்தார்கள், ஐந்தாவது வரி பளிச்சென்று இருந்தது. இவள் நான்கில் இருந்து ஆறுக்குத் தாவியிருக்கிறாள், என் ராகத்தோடேயே. பஸ்ஸிலேயே எழுந்து நின்றுவிட்டேன். நடத்துநர் நான் இறங்கப்போகிறேன் என்று நினைத்து விசில் கொடுத்துவிட்டார், மூன்று பேரும் அங்கேயே இறங்கி மீதித் தூரம் நடந்தோம். நடக்கும்போது கேட்டேன், எதிரே வருகிற வண்டியின் நம்பர் என்ன என்று. பெரியவள் ஷூவில் கல் புகுந்துவிட்டது என்று குனிந்தாள். அந்தக் கடைப்பலகையில் என்ன போட்டிருக்கிறது என்றேன். மறுபடியும் கல்.

"கண்ணாடி போட்டா நாலு கண்ணின்னு கூப்பிடுவாங்க தாத்தா. எங்க கிளாஸ்ல ஒருத்திய அப்படித்தான் கூப்பிடுறாங்க."

"போர்டு தெரியலன்னா என்னன்னு கூப்பிடுவாங்க?"

அவள் அழுதாள். நானும் விட்டுவிட்டேன், அட்டையை வீட்டில் ஒட்டி வைத்தவன் எந்த முகத்தோடு திட்டுவது?

ஆனால் சின்னவனை விடவில்லை. அவனை உனக்குத் தெரியாதா, வீட்டில் அவனுக்குப் பெயரே கதைக்காரன். எதிர்வீட்டு மொட்டைமாடியில் குதிரை நிற்கிறது என்று மூன்று மாசமாகச் சொல்கிறான். அங்கே இருப்பது கறுப்புத் தண்ணீர்த் தொட்டி. மூலையில் கிடந்த கோணிப்பையைப் பூனை என்று கூப்பிட்டுப் பால் வைத்தான். முகாமுக்கு இரண்டு நாள் முன்னால் என் பெட்டியில் இருந்து கம்பி எடுத்து வளைத்துக் கண்ணாடி செய்து மூக்கில் மாட்டிக்கொண்டு திரிந்தான். இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்? கூப்பிட்டு நிறுத்தினேன். அட்டைப்பாட்டைச் சொல் என்றேன். ஒரு எழுத்து பிசகாமல் சொன்னான், என்னைவிட வேகமாக.

"அப்புறம் ஏண்டா அங்க சொல்லல?"

"அந்த சார் குச்சி வெச்ச எடத்துல ஒண்ணும் இல்ல தாத்தா. வெள்ளையாத்தான் இருந்துச்சு."

கண் கூசாமல் சொல்கிறான் பார். மனப்பாடமாக இருப்பதை ஒருத்தன் வேண்டுமென்றே மறைக்கிறான் என்றால் கண்ணாடி ஆசை எந்த அளவுக்கு முற்றியிருக்க வேண்டும்! கம்பிக் கண்ணாடியைப் பிடுங்கி அலமாரி மேல் வைத்துவிட்டேன். ராத்திரி நான் சொல்கிற கதை ஒரு வாரம் கிடையாது என்றும் சொல்லிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை நீயும் உன் பங்குக்கு நன்றாகக் கேள்.

புதன்கிழமை உதவி நிதி அலுவலகத்துக்கு ஓடினேன். வாசலில் யார் நிற்கிறார் என்று நினைக்கிறாய், நம் மீசைக்காரக் காவலாளி. அவர் வேலை பார்க்கிற இடம் அதுதான் என்று எனக்கு அன்றுதான் தெரியும். "வாங்க அண்ணே" என்று டோக்கன் எடுத்துக் கொடுத்தார். நாற்பத்தொன்று. என்னால் உட்கார முடியவில்லை, அந்த இரண்டு மணி நேரத்தில் அவர்கள் கழிவறையில் சொட்டிக்கொண்டிருந்த குழாயைச் சரிசெய்துவிட்டேன். ஜன்னலுக்குப் பின்னால் இருந்த அம்மா பொறுமையானவர். எல்லாவற்றையும் கேட்டார், அட்டைப் பாட்டைப் பற்றிச் சொன்னபோது மட்டும் பேனாவை வாயில் வைத்துக்கொண்டு குனிந்துகொண்டார். பிறகு சொன்னார், வெள்ளிக்கிழமை நாலு மணிக்குப் பட்டியல் மேலே போய்விடும், அதற்கு அப்புறம் ஆறு மாசம் கழித்துத்தான். இரண்டு தாள் எழுதித் தர வேண்டும். ஒன்று, பெரியவளுக்கு மறுபரிசோதனை வேண்டும் என்று. இன்னொன்று, சின்னவனின் சீட்டு வேண்டாம் என்று. நான் தலை நிமிர்ந்து பேனாவைக் கேட்டு வாங்கி, முதல் தாளில் என் பெயரை எழுதினேன். நன்றாக வந்திருந்தது. அந்த அம்மா பதிவேட்டைப் புரட்டினார், என் எழுத்தைப் பார்த்தார், மறுபடி பதிவேட்டைப் பார்த்தார்.

"இது ஒத்துப்போகல பெரியவரே. நாலு வருஷத்துக்கு முன்னாடி குடும்பத்தைப் பதிஞ்சப்ப நீங்க கைநாட்டு வெச்சிருக்கீங்க."

"அப்ப எழுதத் தெரியாதும்மா. இப்பத் தெரியும்."

"சந்தோஷம். ஆனா அதை மாத்த மூணு மாசம் ஆகும். இன்னிக்கு வேணும்னா கைநாட்டுதான்."

மைப்பெட்டியை ஜன்னல் வழியாகத் தள்ளினார். நான் காவலாளியைப் பார்த்தேன். அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு என்ன ஆனதோ, நாளைக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டு இறங்கி வந்துவிட்டேன். இதை எழுத வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் எழுதுகிறேன்.

வியாழக்கிழமை பெரியவளின் வகுப்பாசிரியை என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். கணக்கு நோட்டைக் காட்டினார். போர்டில் இருந்த எட்டை எல்லாம் இவள் மூன்று என்று எழுதியிருக்கிறாள். போட்ட கணக்கு ஒவ்வொன்றும் சரி, போர்டில் இருந்து எடுத்து எழுதிய எண்தான் தப்பு. ஆசிரியை கெட்டவர் இல்லை, ஆனால் மாசக் கடைசித் தேர்விலும் இப்படியே என்றால் பின்தங்கிய பிரிவுக்கு மாற்ற வேண்டியிருக்கும் என்றார். பெரியவள் தரையைப் பார்த்தாள். நான் அந்த நோட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். கழுத்து வலிக்க வலிக்கத் தப்பான கணக்கைச் சரியாகப் போட்டிருக்கிற ஒரு பிள்ளை. நான் என் விரலைக் காப்பாற்றிக்கொண்டு வீட்டுக்கு வந்திருக்கிறேன்.

வெள்ளிக்கிழமை முதல் ஆளாகப் போனேன், பெரியவளையும் கூட்டிக்கொண்டு. "மையை எடும்மா" என்றேன். இதில் ஒரு கூத்து, விரல் வைத்தால் ரேகையே விழவில்லை. நாற்பத்தாறு வருஷம் குழாயை முறுக்கியதில் கட்டைவிரல் சோப்புக்கட்டி மாதிரி ஆகிவிட்டது. வெறும் கறுப்பு வட்டம்தான் வருகிறது. அந்த அம்மா என் விரலைப் பிடித்து உருட்டினார், அழுத்தினார், துடைத்துவிட்டு மறுபடி வைத்தார். நான்காவது தடவை ஓரத்தில் நாலு கோடு விழுந்தது. எனக்குப் பின்னால் பதினைந்து பேர். காவலாளி பக்கத்தில் வந்து நின்றார். ஏதாவது சொல்வார் என்று காதெல்லாம் சுட்டது. அவரோ தன் கைக்குட்டையை எடுத்து என் விரலைத் துடைத்துவிட்டார். "வகுப்புல சொல்ல மாட்டேண்ணே" என்றார் காதோரமாக. இரண்டாவது தாளிலும் வைத்தேன். அந்த அம்மா முத்திரை எடுக்க உள்ளே போனார். அந்த நேரத்தில் மனசு கேட்கவில்லை. மேஜையில் இருந்த பேனாவை எடுத்து, அந்த இரண்டாவது தாளில், கறுப்பு வட்டத்துக்குக் கீழே, பொடியாக என் பெயரையும் எழுதிவிட்டேன். அவர் கவனிக்காமல் முத்திரை குத்திவிட்டார்.

பெரியவளுக்கு மறுபரிசோதனை அங்கேயே நடந்தது. அதே தம்பிதான், ஆனால் இந்தத் தடவை எழுத்தே இல்லாத அட்டை, எல்லாம் வட்டம், எந்தப் பக்கம் திறந்திருக்கிறது என்று கை காட்ட வேண்டும். இதில் பாட்டு ஏது? இரண்டாவது வரியோடு நின்றுவிட்டாள். அவர் என்னைத் திரும்பிப் பார்த்து, "கண்ணு ரொம்பக் குறைவா இருக்கு, கண்டிப்பாக் கண்ணாடி வேணும்" என்றார். எனக்குத் துள்ளிக் குதிக்க வேண்டும்போல் இருந்தது. பேத்திக்குக் கண் தெரியவில்லை என்று கேட்டுச் சந்தோஷப்பட்ட கிழவன் உலகத்தில் நான் ஒருத்தனாகத்தான் இருப்பேன். சீட்டு கைக்கு வந்தது. கடைக்காரர் அளவெடுத்தார், செவ்வாய்க்கிழமை தருவதாகச் சொன்னார். மேலும் கேள், நாலு கண்ணி என்று கூப்பிடப்படுகிற அந்தப் பெண்ணும் அதே கடையில் கண்ணாடிக்குத் திருகாணி மாற்ற வந்திருந்தாள். இரண்டு பேரும் பெஞ்சில் உட்கார்ந்து கால் மணி நேரம் குசுகுசு என்று பேசினார்கள். வெளியே வரும்போது பெரியவள், கறுப்புச் சட்டம் வேண்டாம் தாத்தா, அவளுடையது மாதிரி சிவப்பு என்றாள்.

ஆக, எல்லாம் நல்லபடியாக முடிந்தது. உண்மையாகவே கண்ணாடி வேண்டியவளுக்குக் கண்ணாடி. பொய் சொன்னவனின் சீட்டு ரத்து. என் மானம்தான் கொஞ்சம் கறுப்பாகி இருக்கிறது, சோப்புக்கு இன்னும் போகவில்லை. நீ ஒன்றுக்கும் கவலைப்படாமல் பயிற்சியை முடி. ஊசி போடும்போது கை நடுங்காமல் இருக்கட்டும், மேற்பார்வை அம்மா உன்னைப் பார்த்துச் சிரிக்கட்டும், விடுதிச் சாப்பாட்டில் உப்பு சரியாக இருக்கட்டும். இதுதான் என் ஆசீர்வாதம், வேறு பெரிய வார்த்தை எல்லாம் இன்னும் எழுதப் பழகவில்லை. சின்னவனைத் திட்ட மறக்காதே.

இப்படிக்கு,
உன் மாமனார்
(கையெழுத்து கீழே. நாலு தடவை போட்டிருக்கிறேன், பிடித்ததை வைத்துக்கொள்.)

பின்குறிப்பு: தபால்தலை வாங்கப் பிந்தியதால் கடிதம் இன்னும் என்னிடமேதான் இருக்கிறது. இன்று புதன்கிழமை. நேற்றுச் சாயங்காலம் கண்ணாடி வந்தது. பெரியவள் போட்டுப் பார்த்துவிட்டு, உங்கள் முகத்தில் இவ்வளவு சுருக்கமா தாத்தா என்று கேட்டுவிட்டு, முகம் கழுவப் போனாள். அவள் கழற்றி வைத்ததைச் சின்னவன் எடுத்து மாட்டிக்கொண்டான். அதட்டலாம் என்று வாயைத் திறந்தேன். அவன் ஜன்னலண்டை போய் நின்றான். கம்பியைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தான்.

"தாத்தா, மரத்துல எலை எல்லாம் தனித்தனியா இருக்கு."

அப்புறம் எதிர்வீட்டு மொட்டைமாடியைப் பார்த்தான்.

"குதிரைய யாரு கொண்டுபோனா? தொட்டிய வெச்சிருக்காங்க."

வீடு முழுக்கப் பாட்டு மனப்பாடமாக இருந்தும், கண்ணில் பட்டதை மட்டும் சொன்னவன் அவன் ஒருத்தன்தான். இன்று காலை கதவு திறக்கும் முன்பே அவனைத் தூக்கிக்கொண்டு அலுவலகத்தில் போய் நின்றேன். ரத்து செய்த சீட்டை எப்படித் திரும்பக் கேட்பது, பட்டியல் போய்விட்டதே, இன்னும் ஆறு மாசமா என்று காவலாளியிடம் புலம்பினேன். அந்த அம்மா வந்து அமைதியாக ஒரு தாளை எடுத்து நீட்டினார். நான் சின்னவனின் சீட்டு வேண்டாம் என்று கொடுத்த தாள். மேலே இருந்து திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். ஒரே தாளில் கைநாட்டும் கையெழுத்தும் சேர்ந்து இருந்தால் செல்லாதாம். "பேரை இவ்ளோ அழகா எழுதிட்டீங்க பெரியவரே, அதனால ரத்தே ஆகல" என்றார். அவன் சீட்டு அப்படியே உயிரோடு இருக்கிறது. கடையில் அளவு கொடுத்துவிட்டுத்தான் வந்தோம். அவனும் சிவப்புதான் கேட்டான்.

ஆகவே மேலே சின்னவனைப் பற்றி எழுதிய எதையும் நம்பாதே. அழித்துவிடலாம் என்று ரப்பரைக் கையில் எடுத்தேன். ஆனால் அந்த ஒவ்வோர் எழுத்துக்கும் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும், மனசு வரவில்லை, அப்படியே அனுப்புகிறேன். கம்பிக் கண்ணாடியைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன், நிறுத்தி வைத்திருந்த கதைகளையும் பாக்கி வைக்காமல் சொல்லிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை அவனைத் திட்டாதே. திட்டுவதாக இருந்தால் எனக்கு ஒதுக்கிய அந்த ஒரு நிமிஷத்தில் என்னைத் திட்டு. அவனிடம் குதிரையைப் பற்றி மட்டும் விசாரி. அது போனதில் கொஞ்சம் வருத்தமாக இருக்கிறான்.